சின்னவன் பங்கு

ஜூலை 8, செவ்வாய்

இன்றுதான் பேனா பிடிக்க முடிந்தது. சனிக்கிழமை மாலை பாப்பா பிறந்தாள், இரண்டு மாதம் முன்னதாகவே. எனக்கு ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போனதால் இனிமேல் தாமதிக்க முடியாது என்று அறுவை செய்து எடுத்துவிட்டார்கள். எடை ஒன்றேகால் கிலோ. கல்யாணமாகி எட்டு வருடம் காத்திருந்து வந்தவள், என் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடுவாள் போலிருக்கிறது. உள்ளங்கையில் வாங்கத்தான் இன்னும் விடவில்லை.

கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். அவர் வெளியே நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு, "காது மட்டும் என் காது பியூலா" என்றார். மின்வாரியத்தில் கம்பம் ஏறுகிற மனிதர். அதைச் சொன்னதும் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

ஹெப்சிபா என்று பெயர் வைத்தாயிற்று. மாமி, அவருடைய அம்மா, வைத்தது. அவரைக் கேட்கவில்லை, என்னையும் கேட்கவில்லை.

ஜூலை 9, புதன்

பால் வரவில்லை.

ஜூலை 10, வியாழன்

பச்சிளங்குழந்தைப் பிரிவுக்கு அடுத்த கூடம்தான் எங்களுக்கு. உள்ளே பிள்ளைகள், இங்கே தாய்மார்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை மூலை அறைக்குப் போய்ப் பாலெடுத்துக் கொடுக்க வேண்டும். அந்த அறைக்குப் பொறுப்பு லில்லிபுஷ்பம் சிஸ்டர். கறாரான ஆள். கை கழுவாமல் உள்ளே போனால் டாக்டரையும் விரட்டுவார்.

நான் அரை மணி நேரம் உட்கார்ந்தேன். கிண்ணத்தின் அடி நனைந்தது, அவ்வளவுதான். நான் எட்டாம் வகுப்புக்குப் பாலூட்டிகள் பாடம் நடத்துகிறவள்.

"அழாதம்மா. பால் வங்கியிலேருந்து உன் பிள்ளைக்குக் குடுக்கோம். நல்லாப் பால் வர்றவங்க குடுத்துட்டுப் போறதுதான்" என்றார் சிஸ்டர்.

மாமி காதில் விழுந்துவிட்டது. எங்கள் சபையில் பெண்கள் சங்கத் தலைவி, எதையும் மெதுவாகக் கேட்டுப் பழக்கமில்லை. "யாரு பாலு அது? எந்த ஊரு, எந்த ஆளுன்னு ஒண்ணும் பாக்கமாட்டீங்களா?" என்றார்.

"ரத்தம் டெஸ்ட் பண்ணித்தாம்மா வாங்குவோம். மத்தபடி யாரு பேரையும் சொல்லமாட்டோம். எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்துத்தான் காய்ச்சி ஆத்தி வைப்போம்."

"ஒண்ணாவா?"

"ஒண்ணாத்தான்."

மாமி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கூஜாவைக் கழுவப் போனார். கழுவின கூஜாதான் அது.

ஜூலை 11, வெள்ளி

பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு சின்னப் பெண் வந்திருக்கிறாள். முப்பிடாதி. மலையடிவாரத்து ஊர். கணவன் வாழைத்தார் லாரியில் சுமை ஏற்றுகிறவன். இரட்டை ஆண்பிள்ளைகள், இரண்டும் உள்ளே பெட்டியில். பெரியவன், சின்னவன் என்றுதான் சொல்கிறாள், இடைவெளி ஏழு நிமிஷம்தானாம்.

எனக்கு ஒரு சொட்டுக்கு ஒரு ஜெபம். அவளுக்கோ சட்டையெல்லாம் நனைந்துபோகிறது. "ரெண்டு பேருக்குன்னு வருதுல்லாக்கா, அதான் இப்பிடி" என்று வெட்கப்பட்டாள். என் காலிக் கிண்ணத்தைப் பார்த்ததும் தன் கிண்ணத்தின் மேல் துண்டைப் போட்டு மூடினாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

ஆராதனை முடிந்து சபையார் வேன் பிடித்து வந்தார்கள். வராந்தாவில் நின்று சத்தம் எழும்பாமல் ஒரு பாட்டு. போதகர் ஜெபித்துவிட்டு, "பிள்ளை தந்ததுக்காக நீயும் ஒரு வார்த்தை ஸ்தோத்திரம் சொல்லும்மா" என்றார்.

எனக்கு வாய் வரவில்லை. எட்டு வருடமாகக் கேட்டுக் கேட்டுத்தான் பழக்கம். இப்போதும் 'காப்பாற்றும், காப்பாற்றும்' என்றுதான் வருகிறது. மயக்க மருந்தில் தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

கொண்டுவந்த ஆரஞ்சுப்பழங்களைக் கூடம் முழுக்கப் பகிர்ந்தேன். முப்பிடாதி ஒன்றை வாங்கிச் சேலை முந்தியில் முடிந்துகொண்டாள், புருஷன் வந்தால் கொடுப்பதற்கு.

ஜூலை 14, திங்கள்

பிற்பகலில் முப்பிடாதியை உள்ளே கூப்பிட்டார்கள். அவள் செருப்பைப் போடாமலே ஓடினாள்.

சின்னவன் போய்விட்டான்.

ஜூலை 15, செவ்வாய்

நேற்று அவள் கணவன் சின்னவனைத் துண்டில் சுற்றி வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனான். கூட இருந்த மாமியாரும் அவனோடு போய்விட்டாள். பெரியவன் உள்ளே இருப்பதால் முப்பிடாதி போக முடியாது. ஆகவே தனியாக இருக்கிறாள். அவளுக்கு அம்மா இல்லை.

காலையில் நான் பாலெடுக்கிற அறைக்குப் போனபோது எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள். முகம் கழுவித் தலை சீவியிருந்தாள். லில்லிபுஷ்பம் சிஸ்டரே குரலைத் தணித்து, "இன்னிக்கு ஒரு நாள் படுத்துக்கயேன்" என்றார்.

"பெரியவனுக்கு வேணும்லா சிஸ்டர்."

ஒரு கிண்ணம் நிறைந்தது. அதன்மேல் பிள்ளையின் சீட்டை ஒட்டினார்கள். இரண்டாவது கிண்ணமும் நிறைந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு சற்றுநேரம் இருந்தாள். சிஸ்டர் அதை வாங்கிக் கீழே ஊற்றிவிடுவாரோ என்று பயந்தவள் மாதிரி இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"இது சின்னவன் பங்கு. அவன் குடிக்கலன்னு கொட்டிராதீங்க சிஸ்டர். யாரு பிள்ளைக்காவது குடுத்துருங்க."

சிஸ்டர் இரண்டு கையாலும் வாங்கினார். வாங்கும்போது, "வங்கிப் பெட்டியில நேத்தே காலிம்மா" என்று சொல்லிவிட்டார். சொல்லியிருக்கக் கூடாது. நான் அங்கேதான் இருந்தேன்.

ஜூலை 16, புதன்

நேற்று ஹெப்சிக்கு ஒரு வேளை பால் தாமதமாயிற்று. இன்று எல்லா வேளையும் சரியாகக் கிடைத்தது. குழாய் வழியாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சப்புக் கொட்டினாள்.

யாருடையது என்று நான் கேட்கவில்லை. யாரும் சொல்லவுமில்லை.

ஜூலை 17, வியாழன்

சுவர்ப் பக்கம் திரும்பித்தான் படுக்க முடிகிறது. தையல் வலி.

ஜூலை 18, வெள்ளி

பாப்பா எடை கூடியிருக்கிறாள். மாமி சந்தோஷத்தில் காவல்காரர் வரைக்கும் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்து, "எந்தப் புண்ணியவதி குடுக்காளோ, அவ வயிறு குளிரணும்" என்றார்.

அதைக் கேட்டதும் என்னால் முடியவில்லை. வராந்தாவுக்குக் கூட்டிப்போய்ச் சொன்னேன். சின்னவன் போனதையும், இரண்டாவது கிண்ணத்தையும், வங்கியில் அன்று வேறு பால் இல்லாததையும்.

மாமி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, "அவ என்ன சாப்பிடுதா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. ஒரு வாரமாகப் பக்கத்துக் கட்டிலில் இருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை.

உள்ளே போனோம். முப்பிடாதி டீயில் பன்னைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். மாமி அவள் கையிலிருந்து பன்னை வாங்கி ஓரமாக வைத்தார். எனக்குக் கொண்டுவந்திருந்த தூக்குவாளியைத் திறந்தார். சூடு சோறு, பூண்டுக் குழம்பு, பால்சுறாப் புட்டு.

"பச்சை உடம்புக்காரி திங்கிற சாப்பாடாட்டி இது? ஒரு பிள்ளை போயிட்டுன்னா பெத்த உடம்பு இல்லன்னு ஆயிருமா? உனக்குப் பத்தியம் பாக்க யாரு வருவா?"

"யாரும் இல்லம்மா. வீட்டுல ஆடுமாடு கெடக்கு, அத்தை அதப் பாக்கணும்." பிறகு தயங்கினாள். "அம்மா, நாங்க வந்து…" என்று ஆரம்பித்து, தான் இன்ன சாதி என்று சொல்ல வந்தாள்.

"நான் கேட்டனா?" என்றார் மாமி. "வாயத் தொற."

போன வாரம் வியாழக்கிழமை சிஸ்டரிடம் கேட்டிருந்தார். கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி. ஆனால் இன்று சோற்றைப் பிசைந்து உருட்டி அந்தப் பெண்ணின் வாயில் வைத்தபோது மாமியின் முகத்தைப் பார்த்தேன். அன்று கேட்டதை நினைவுபடுத்த எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது உருண்டையில் முப்பிடாதி அழ ஆரம்பித்தாள். சின்னவன் போனதிலிருந்து அவள் அழுது நான் பார்க்கவில்லை. மாமி இடது கையால் அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, வலது கை எச்சிலோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

எனக்குக் கேன்டீன் இட்லி. கல் மாதிரி இருந்தது.

ஜூலை 19, சனி

மாமி இரண்டு தூக்குவாளியோடு வந்தார். பஸ்ஸில் ஒன்று கவிழப் பார்த்ததாம், கண்டக்டரைத் திட்டினாராம்.

ஜூலை 21, திங்கள்

மாமி பிள்ளை பெற்றவர்களுக்கான மருந்து கிண்டிக் கொண்டுவந்திருக்கிறார். கருப்பட்டியும் சுக்கும் நல்லெண்ணெயும் மணக்கிறது. காலையில் வெறும் வயிற்றில் நெல்லிக்காய் அளவு. எங்கள் இருவரையும் வரிசையாக உட்காரவைத்து ஊட்டினார். முப்பிடாதி முகத்தைச் சுளித்தாள், நானும் சுளித்தேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம். உடனே அவள் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள், சிரிக்கக் கூடாது என்று நினைவு வந்தவள் போல.

"சிரி. ஒண்ணும் ஆகாது" என்றார் மாமி.

ஜூலை 22, செவ்வாய்

வந்துவிட்டது! விடிகாலையில் சட்டை நனைந்து விழித்தேன். கிண்ணத்தில் பாதிக்கு மேல். லில்லிபுஷ்பம் சிஸ்டர் சிரித்ததை இன்றுதான் பார்த்தேன். மாமிக்கு வெற்றி, எல்லாம் சுறாப்புட்டு வேலை என்கிறார். என் வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். கம்பத்தின் மேலிருந்து பேசினாராம். இறங்கிய பிறகு பேசக்கூடாதா?

மாலையில் பாப்பா குடித்தது போக மீதி இருந்தது. "கொஞ்சம் வங்கிக்குத் தாறியாம்மா? ரத்தம் டெஸ்ட் எடுத்தது சரியா இருக்கு" என்று சிஸ்டர் கேட்டார். நாளைக்குப் பார்க்கலாம், இன்று தலைவலி என்றேன். மீதியைப் பாப்பாவின் பெயரிலேயே குளிர்பெட்டியில் வைக்கச் சொன்னேன்.

ஜூலை 23, புதன்

தலைவலி இல்லை. எழுதிவிடுகிறேன். பயம்தான். இவ்வளவு நாள் வராதது நாளைக்கு நின்றுபோனால்? எட்டு வருடம் காத்திருந்தவளுக்கு எதையும் கையைவிட்டுக் கொடுக்கத் தெரியவில்லை.

மதியம் ஒருவர் வந்தார். சட்டையில் பொத்தான் மாற்றிப் போட்டிருந்தார். பிரசவம் ஆன மனைவி வேறு பிரிவில் நினைவில்லாமல் கிடக்கிறாளாம். பால் அறை வாசலில் நின்று, "இங்க பாலு கிடைக்கும்னாங்க, எவ்வளவு ஆகும்?" என்று யாரைப் பார்த்தாலும் கேட்டார். கை கழுவச் சொல்லி விரட்ட வந்த சிஸ்டரே அவரைப் பார்த்துவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

நான் எழுந்து உள்ளே போனேன். எனக்கு முன்னால் முப்பிடாதி உட்கார்ந்திருந்தாள். சற்று நகர்ந்து இடம்விட்டாள்.

பாப்பாவுக்கு எடுத்தேன். பிறகு இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கி அதிலும் எடுத்தேன். குளிர்பெட்டியில் வைத்திருந்ததையும் வங்கிக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னேன். கிண்ணத்தைச் சிஸ்டரிடம் கொடுத்தேன். கொடுத்து முடித்ததும், யாரும் கேட்காமலே, ஸ்தோத்திரம் ஆண்டவரே என்று வாயில் வந்தது. ஹெப்சி பிறந்த நாளிலிருந்து சொல்லமுடியாமல் கிடந்த வார்த்தை. மீண்டும் மீண்டும் சொன்னேன். முப்பிடாதி பயந்துபோய், "என்னக்கா, கிறுகிறுப்பா வருதா?" என்றாள்.

ஜூலை 27, ஞாயிறு

பாப்பாவை முதன்முறை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொள்ள விட்டார்கள். எனக்குப் பக்கத்து நாற்காலியில் முப்பிடாதி பெரியவனோடு. இரண்டு பேரும் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். எங்கள் சபைக் கோயில் மணி கேட்கிற தூரம் இல்லை. ஆனாலும் ஞாயிறு மாதிரிதான் இருந்தது.

ஆகஸ்ட் 2, சனி

வெயில். கூடத்து மின்விசிறி ஒன்று நின்றுபோய், எங்களைப் பார்க்க வந்த என் வீட்டுக்காரர் அதைப் பிரித்துப் போட்டுச் சரிசெய்தார். தாய்மார்கள் எல்லோரும் அவருக்கு வாழ்த்துச் சொன்னார்கள். அவருக்குக் காது சிவந்துவிட்டது. ஹெப்சிக்கும் அப்படித்தான் சிவக்கும் என்று தோன்றியது.

சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே முப்பிடாதி, "உங்க பாப்பாதான் குடிச்சிச்சுன்னு எனக்குத் தெரியும்க்கா" என்றாள்.

எனக்குக் கை நின்றுவிட்டது. "யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. நீங்க செவுத்தப் பாத்துத் திரும்பிப் படுத்தீங்கல்லா, அப்பமே தெரிஞ்சிட்டு." சிறிய சட்டையை இன்னொரு முறை மடித்தாள். "எனக்கு அது நல்லதாத்தாங்க்கா இருந்துச்சு. எங்க போகுதுன்னு தெரியாம இருந்தா நெஞ்சு அடிச்சுக்கிட்டே இருக்கும். உங்க பாப்பா கண்ணாடிக்குள்ள காலை ஆட்டும்போது, சரி, சின்னவன்தான் குடுக்கான்னு நெனச்சுக்கிடுவேன்."

அவனுக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று கேட்டேன்.

"வயித்துல இருக்கும்போதே பேசி வச்சிருந்தோம். பெரியவன் முகிலன், சின்னவன் அகிலன். ஆஸ்பத்திரிச் சீட்டுல இரண்டாவது ஆண் குழந்தைன்னுதாங்க்கா எழுதியிருந்தாங்க. ஊர்ல யாருக்கும் தெரியாது. அந்தப் பேர நான் வாய்விட்டுச் சொன்னதே இப்பத்தான்."

ஆகஸ்ட் 9, சனி

முகிலனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முப்பிடாதி கிளம்பும்போது மாமி ஒரு பாட்டில் நிறைய மருந்தைக் கொடுத்து, சுறாப்புட்டு செய்யும் முறையையும், எண்ணெய்க் குளியலுக்கு என்னென்ன வேண்டுமென்பதையும் சொல்லிக்கொண்டே ஆட்டோ வரை போனார். முப்பிடாதி ஹெப்சியின் கண்ணாடிக்கு முன்னால் நின்று, "வாரேன்டி, நல்லாக் குடி" என்றாள்.

பக்கத்துக் கட்டில் காலி. இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் பார்க்க ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 16, சனி

வீட்டுக்கு வந்துவிட்டோம். ஹெப்சி இரண்டு கிலோவைத் தாண்டிவிட்டாள். மாமி வாசலிலேயே முழங்கால் போட்டு ஜெபித்ததில் வழி அடைபட்டு, பாப்பாவோடு நானும் பெட்டியோடு அவரும் வெயிலில் நின்றோம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அவர் அதிகாலையிலேயே கருவிப்பையோடு பைக்கில் கிளம்பினார். எங்கே என்று சொல்லவில்லை. இருட்டுகிற நேரத்தில் வந்து, "அந்த வீட்ல வயரெல்லாம் எலி கடிச்சுக் கெடக்கு பியூலா. பிள்ளை தூங்குற எடத்துக்குக் காத்தே இல்ல" என்றார். முப்பிடாதி வீட்டுக்குப் போய்ப் புது வயர் இழுத்து, தொட்டிலுக்கு மேலே மின்விசிறி மாட்டிவிட்டு வந்திருக்கிறார். அவர்கள் வீட்டில் கருவாட்டுக் குழம்பு பிரமாதமாம். அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

இன்று எங்கள் ஸ்தோத்திர காணிக்கை. வழக்கம் என்னவென்றால், காணிக்கை உறையோடு ஒரு சீட்டில் இன்னார், இன்ன நன்மைக்காக என்று எழுதிக் கொடுத்தால் போதகர் அதை ஆராதனையில் வாசித்து ஜெபிப்பார். நான் நேற்றே அழகான கையெழுத்தில் 'ஜெயசிங் பியூலா குடும்பத்தார், பிள்ளை பாக்கியத்துக்காக' என்று எழுதி வைத்திருந்தேன்.

காலையில் மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படித்தார். "இதக் கிழி. வேற எழுது, நான் சொல்லுதேன்" என்றார். சொன்னார். எழுதினேன். எழுதி முடித்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டேன்.

நான் பாப்பாவோடு கோயிலில் கடைசி வரிசையில், கதவோரம். பிறந்தநாள்கள், திருமண நாள், புது வீடு என்று வாசித்து வந்த போதகர், எங்கள் சீட்டை எடுத்து, "அகிலன் பால் கொடுத்ததற்காக ஸ்தோத்திரம்" என்று மைக்கில் வாசித்தார். வாசித்துவிட்டு நிறுத்தினார். சீட்டைத் திருப்பிப் பார்த்தார். பெண்கள் பக்கத்தில் தலைகள் திரும்பின.

"அகிலன் யாரு? நம்ம சபைப் பிள்ளையா?" என்று கேட்டார்.

மாமி எழுந்து நின்றார். பெண்கள் சங்கக் கூட்டத்தில் பேசுகிற அதே குரல். "நம்ம சபை இல்ல ஐயா. எங்க ஹெப்சிபா பசியாக் கெடந்தப்ப தன் பங்கக் குடுத்த பிள்ள. இப்ப ஆண்டவர்கிட்ட இருக்கான். அவன் தாயி பேரு முப்பிடாதி. அவளுக்காகவும் ஜெபிங்க."

போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஜெபித்தார், அந்தப் பெயரைச் சொல்லி. சபையார் எல்லோரும் ஆமென் என்றார்கள்.

மாலையில் முப்பிடாதிக்குப் போன் செய்தேன். முகிலன் அழுகிற சத்தம் பின்னால் கேட்டது. மின்விசிறி நன்றாக ஓடுகிறதாம். கோயிலில் நடந்ததைச் சொன்னேன்.

முகிலனின் அழுகை தூரமாயிற்று, போனோடு வெளியே வந்துவிட்டாள் போல.

"எல்லாருக்கும் கேக்குற மாதிரியாக்கா வாசிச்சாங்க?"

"மைக்ல வாசிச்சாங்க."

"என்னன்னு வாசிச்சாங்க? இன்னொருக்கச் சொல்லுங்கக்கா."

சொன்னேன்.